2012-ல் பயங்கரவாதம் திடீரென்று எகிறியதா? ஒரு தரவுக் கோப்பை வாசிக்கும் விதம்

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தை எடுத்து, ஆண்டுவாரியாகத் தாக்குதல்களை எண்ணி வரைபடம் போட்டேன். 2011-ல் 5,000 சொச்சம் இருந்தது 2014-ல் 17,000-ஐத் தொடுகிறது. மூன்றே ஆண்டில் மூன்று மடங்கு என்று முடிவு எழுதலாமா? அடுத்த தாக்குதல் எங்கே நடக்கும் என்று கணிக்கிற மாடல் ஒன்றும் செய்யச் சொல்கிறார் கைடு. முடியுமா?

பதில்:

மூன்று மடங்கு என்று அப்படியே எழுதாதீர்கள். ஏறியது உண்மை, எவ்வளவு ஏறியது என்பதில்தான் தகராறு. கணிப்பு மாடல், உங்கள் கைடு நினைக்கிற அர்த்தத்தில், முடியாது. ஆனால் அதே கோப்பை வைத்து உருப்படியான வேறு கேள்விகள் கேட்கலாம். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் இந்தக் கோப்பு எப்படி உருவானது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது பல்கலைக்கழகத்தில் பிறந்ததே இல்லை. பிங்கர்டன் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனம், வெளிநாடுகளில் தொழில் நடத்தும் தன் வாடிக்கையாளர்களுக்கு எங்கே என்ன ஆபத்து என்று சொல்வதற்காக, 1970-லிருந்து 1997 வரை சேர்த்து வைத்த விவரம் இது. செய்தி நிறுவனங்களின் செய்திகள், நாளிதழ்கள், அரசு அறிக்கைகள் ஆகியவற்றைப் படித்து, ஒவ்வொரு சம்பவத்தையும் அட்டையில் பதிந்து வைத்தார்கள். 2001-ல் மேரிலாந்தின் குற்றவியல் பேராசிரியர் கேரி லஃப்ரீ அந்த அட்டைப் பெட்டிகளை வாங்கினார். அவரும் சக ஆய்வாளர் லாரா டூகனும் மாணவர்களை வைத்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது பார்த்தால் 1993-ஆம் ஆண்டு இல்லை. பிங்கர்டன் அலுவலகம் இடம் மாறியபோது அந்தப் பெட்டி தொலைந்துபோயிருந்தது. பிறகு எவ்வளவோ தேடியும் ஒரு பகுதியைத்தான் மீட்க முடிந்தது. அதனால் முதன்மைக் கோப்பில் அந்த ஆண்டுக்கு வரிசையே கிடையாது. உங்கள் வரைபடத்தில் 1992-க்கும் 1994-க்கும் நடுவே ஒரு நேர்கோடு ஓடியிருக்கும் பாருங்கள், அது மென்பொருள் தானாக இழுத்த கோடு.

1997-க்குப் பிறகு கை மாறியது. 1998 முதல் 2007 வரையிலான விவரத்தை ஓர் ஆய்வு மையமும், 2008 முதல் 2011 வரையிலானதை இன்னொன்றும் சேர்த்தன. 2011 நவம்பர் முதல் மேரிலாந்துக் குழுவே நேரடியாக இறங்கியது. இப்போது உங்கள் வரைபடத்தில் 1997-ஐயும் 1998-ஐயும் பாருங்கள். சுமார் 3,200-லிருந்து 900 சொச்சத்துக்கு விழுந்திருக்கும். ஒரே ஆண்டில் உலகம் அவ்வளவு அமைதியாகிவிடவில்லை. அந்த ஆண்டுகளின் விவரம் பெரும்பாலும் பின்னோக்கித் தேடிச் சேர்த்தது. பல ஆண்டுகள் கழித்துத் தேடினால் பெரிய குண்டுவெடிப்பு கிடைக்கும். ஆளில்லாத ரயில் நிலையத்தில் வெடித்த சின்ன குண்டு கிடைக்காது.

2012-ல் நடந்தது இதற்கு நேரெதிர். ஒரு நாளைக்கு உலகம் முழுக்க வெளியாகும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை முதலில் கணினியால் சல்லடை போட்டு, மிஞ்சியதை ஆட்கள் உட்கார்ந்து படித்துப் பதியும் முறை வந்தது. சல்லடையின் கண் சிறிதானதும் சின்னச் சம்பவங்கள் ஏராளமாகச் சிக்கின. 2012-ல் எண்ணிக்கை 8,500-க்குத் தாவியதில் இந்த மாற்றத்துக்கும் பங்கு உண்டு என்று தொகுத்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லாமே எண்ணும் முறையின் மாயம் என்று மறுபக்கம் சாய்ந்துவிடக் கூடாது. ஈராக்கிலும் சிரியாவிலும் ஐஎஸ், நைஜீரியாவில் போகோ ஹராம், ஆப்கானிஸ்தானில் தாலிபான் என்று அந்த ஆண்டுகள் உண்மையிலேயே ரத்தக்களரியாக இருந்தவை. 2014-ன் உயிரிழப்பில் 78 விழுக்காடு ஈராக், நைஜீரியா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சிரியா என்ற ஐந்து நாடுகளில் மட்டும் நிகழ்ந்தது. ஆக, 'உலகப் போக்கு' என்று நீங்கள் வரைந்த கோடு, பெரும்பாலும் நான்கைந்து போர்களின் கோடு.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பத்து பேருக்கு மேல் இறந்த தாக்குதல்களை மட்டும் எடுத்து மறுபடி வரையுங்கள். அவ்வளவு பெரிய சம்பவத்தை எந்தக் காலத்துச் செய்தித்தாளும் விட்டிருக்க வாய்ப்பு குறைவு. எனவே சேகரிக்கும் முறை மாறினாலும் அந்த எண்ணிக்கை அதிகம் ஆடாது. மொத்தக் கோட்டைவிட இந்தக் கோட்டை நம்பலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி ப்ராஜெக்ட் முடிந்தது.

அடுத்து, ஒரு வரிசை என்றால் என்ன என்பதைக் கவனியுங்கள். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 11 இடங்களில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் காயம். நம் பேச்சில் அது 'கோவை குண்டுவெடிப்பு', ஒரே சம்பவம். இந்தத் தரவுத்தளத்தின் விதிப்படி, இடமோ நேரமோ வேறானால் தனிச் சம்பவம். அந்த விதியைக் கண்டிப்பாகப் பிடித்தால் அன்றைய நாள் மட்டும் பதினொன்று. செய்திகளில் மொத்த இறப்பு மட்டும் இருந்து இடவாரியாகக் கிடைக்காவிட்டால், மொத்தத்தைச் சமமாகப் பிரித்துப் போடுவார்கள். 2001 செப்டம்பர் 11 இப்படித்தான் நான்கு வரிசைகளாக இருக்கிறது, விமானத்துக்கு ஒன்று. இரட்டைக் கோபுரத்தில் இறந்தவர்களை இரண்டு வரிசைக்கும் பாதிப்பாதியாகப் பகிர்ந்திருக்கிறார்கள். ஆகவே 'மிகப் பெரிய தாக்குதல்' என்று இறப்பு எண்ணிக்கையை வைத்துக் கோப்பை வரிசைப்படுத்தினால், கிடைப்பது பகிர்ந்த எண்தான்.

வரையறையும் முக்கியம். வேண்டுமென்றே செய்த வன்முறை அல்லது மிரட்டலாக இருக்க வேண்டும், செய்தவர் அரசு அல்லாதவராக இருக்க வேண்டும் என்பவை கட்டாய நிபந்தனைகள். அதற்கு மேல் மூன்று இருக்கின்றன: அரசியல், பொருளாதார, மத, சமூக நோக்கம்; அடிபட்டவரைத் தாண்டிப் பெரிய கூட்டத்துக்குச் செய்தி சொல்லும் எண்ணம்; போர்ச் சட்டங்களுக்குப் புறம்பான செயல். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் உள்ளே வரும். இது பயங்கரவாதம்தானா என்ற ஐயம் இருந்தால் அதைக் குறிக்கக் கோப்பில் தனிப் பத்தியும் (நெடுவரிசை) உண்டு. மாணவர்கள் யாரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. அதைப் போட்டு ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

செய்தவர் அரசு அல்லாதவர் என்ற நிபந்தனையின் விளைவை நமக்கு நெருக்கமான இடத்திலேயே காணலாம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. காவல்துறையினர் எரித்தது என்று எடுத்துக்கொண்டால், விதிப்படி அது இந்தக் கோப்புக்கு வெளியே. அரசு வன்முறையைக் கணக்கெடுக்க வேறு தரவுத்தளங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணுவது தொகுப்பவர்களின் தவறல்ல, அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை அது. ஆனால் எண்பதுகளின் இலங்கை வரைபடத்தை இதிலிருந்து வரைந்துவிட்டு 'வன்முறையின் வரலாறு' என்று தலைப்பு போட்டால், அது உங்கள் தவறு.

எண்ணுபவர் யார், எதற்காக எண்ணுகிறார் என்பதற்கு 2004-ல் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறை 2003-க்கான பயங்கரவாத ஆண்டறிக்கையை வெளியிட்டது. 190 தாக்குதல்கள், 307 உயிரிழப்பு, 1969-க்குப் பிறகு மிகக் குறைவு. அதிபர் தேர்தல் ஆண்டு வேறு. நாம் வென்றுகொண்டிருக்கிறோம் என்பதற்கு இது சான்று என்று துறையின் துணை அமைச்சர் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் பெருமைப்பட்டார். பிரின்ஸ்டன் பொருளாதார அறிஞர் ஆலன் குரூகரும் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் லெய்ட்டினும் அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்த சம்பவப் பட்டியலை எடுத்துக் கையால் எண்ணிப் பார்த்தார்கள். பட்டியல் நவம்பர் 11-ஆம் தேதியோடு நின்றுவிட்டிருந்தது. நவம்பர் 15-லும் 20-லும் இஸ்தான்புல்லில் யூதக் கோயில்கள், பிரிட்டிஷ் துணைத் தூதரகம், ஒரு வங்கி ஆகியவற்றைத் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற வெடிப்புகள் அதில் இல்லவே இல்லை. அது மட்டுமல்ல, குறைந்திருந்தது சில்லறைச் சம்பவங்கள்தான், 'குறிப்பிடத்தக்கவை' என்று துறையே வகைப்படுத்திய தாக்குதல்கள் கூடியிருந்தன. அவர்கள் அதை நாளிதழில் எழுதினார்கள். ஜூன் மாதம் திருத்தம் வந்தது: 208 தாக்குதல்கள், 625 உயிரிழப்பு. காயம்பட்டவர்கள் 1,593 அல்ல, 3,646.

வெளியுறவு அமைச்சர் காலின் பவல் இது அரசியல் அல்ல, பிழை என்றார். இருக்கலாம். பிழை எந்தத் திசையில் இருந்தால் யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள் என்பதுதான் இதில் எனக்குச் சுவாரசியம்.

அதற்குப் பிறகு எண்ணும் பொறுப்பு வேறொரு அமைப்புக்குப் போனது. முன்பு நாடு தாண்டிய தாக்குதல்களை மட்டும் எண்ணியதை மாற்றி, உள்நாட்டுத் தாக்குதல்களையும் சேர்த்தார்கள். 2005-க்கு அவர்கள் சொன்ன எண் 11,000-க்கும் மேல். இரண்டே ஆண்டில் 208-லிருந்து 11,000! ஈராக் அப்போது எரிந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே கோட்டில் வைப்பவருக்கு வரைபடம் வரையும் மென்பொருளைக் கொடுக்கக் கூடாது. இதே கோளாறு இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் நாடுகளைத் தரவரிசைப்படுத்தும் உலகப் பயங்கரவாதக் குறியீடு, முன்பு மேரிலாந்துத் தரவை வைத்துக் கணக்கிட்டது. பின்னர் வேறொரு தனியார் தரவுக்கு மாறிவிட்டது. 'இந்தியா இத்தனை இடம் முன்னேறியது' என்று வாட்ஸ்அப்பில் வருகிற படங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

சரி, இவ்வளவு குறை சொன்ன பிறகு இந்தத் தரவால் பயனே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 'கூடியதா குறைந்ததா' என்பதைவிட, 'அரசு இதைச் செய்த பிறகு என்ன ஆனது' என்று கேட்கும்போதுதான் அது வாய் திறக்கிறது.

வட அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். லஃப்ரீயும் டூகனும் இன்னொருவரும் சேர்ந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1969-லிருந்து 1992 வரை பிரிட்டிஷ் அரசு எடுத்த ஆறு பெரிய நடவடிக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு, பிரிட்டனிலிருந்து பிரிந்து அயர்லாந்தோடு இணைய ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுவாதக் குழுக்களின் அடுத்த தாக்குதல் வருவதற்கான ஆபத்து கூடியதா குறைந்ததா என்று பார்த்தார்கள். ஆண்டு மொத்தத்தை விட்டுவிட்டு, ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்பதை அளவாக வைத்துக்கொண்டதுதான் இதில் நுட்பம். நடவடிக்கை பலித்தால் இடைவெளி நீளும். கோபத்தைக் கிளறினால் சுருங்கும்.

1971 ஆகஸ்ட் 9 விடியற்காலையில் விசாரணையின்றிச் சிறைவைக்கும் திட்டம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே 342 பேரைப் பிடித்தார்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனதில், இயக்கத்தை விட்டு விலகி எத்தனையோ ஆண்டானவர்களும் மாட்டினார்கள். பிடிபட்டவர்கள் எல்லாம் ஒரே தரப்பு. எதிர்த்தரப்பான, பிரிட்டனோடு இருக்க விரும்பிய விசுவாசிகளின் ஆயுதக் குழுக்களை அப்போது தொடவில்லை. அந்த ஆண்டின் உயிரிழப்பில் பெரும்பகுதி ஆகஸ்டுக்குப் பிறகுதான் நேர்ந்தது. அடுத்த ஆண்டான 1972-ல் சுமார் 480 பேர் இறந்தார்கள், அந்த மோதலின் முழு வரலாற்றிலும் அதுவே மிக மோசமான ஆண்டு. ஆறு நடவடிக்கைகளில் தாக்குதல் ஆபத்தைத் தெளிவாகக் குறைத்ததாக ஆய்வில் தெரிந்தது ஒன்றுதான்: 1972 ஜூலை 31 அன்று, படை நுழைய முடியாமலிருந்த டெர்ரி, பெல்ஃபாஸ்ட் பகுதிகளை 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்டு மீட்ட மோட்டர்மேன் நடவடிக்கை. மொத்தத்தில் அடக்குமுறை எதிர்வினையைக் கூட்டியது என்ற பக்கமே தராசு தாழ்ந்தது.

இதை வைத்து 'கடுமை எப்போதும் தோற்கும்' என்று சொல்லிவிட முடியாது, மோட்டர்மேனே எதிர்ச்சான்று. அப்புறம், நிலைமை மோசமாகும்போதுதான் அரசு கடுமை காட்டும் என்பதால் எது காரணம், எது விளைவு என்ற சிக்கலும் இருக்கிறது. ஆனாலும் தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு மணி நேரம் கத்துவதைவிட இது மேல்.

இன்னொரு நல்ல உதாரணம் விமானக் கடத்தல். 1973 ஜனவரியில் அமெரிக்க விமான நிலையங்களில் எல்லாப் பயணிகளையும் சோதிப்பது கட்டாயமானது. கடத்தல் மளமளவென்று குறைந்தது. அதோடு கணக்கை மூடியிருந்தால் பெரிய வெற்றி. பொருளாதார அறிஞர்கள் வால்டர் எண்டர்ஸும் டாட் சாண்ட்லரும் மற்ற வகைத் தாக்குதல்களின் வரிசைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கடத்தல் குறைய, வேறு விதங்களில் ஆட்களைப் பிணையாகப் பிடிப்பது கூடியிருந்தது. தூதரகங்களுக்குக் கோட்டை மாதிரிச் சுவர் எழுப்பியபோது, உள்ளே இருந்தவர்கள் தப்பித்தார்கள், வெளியே காரில் போகும்போது தூதர்கள் சுடப்பட்டார்கள். ஒரே ஒரு பத்தியை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

தற்கொலைத் தாக்குதல் பற்றிய தரவில் நம் பக்கத்து விஷயம் ஒன்று இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பேப் 1980 முதல் 2003 வரை உலகெங்கும் நடந்த 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்தார். அதில் தனி இயக்கமாக முதலிடத்தில் இருந்தது விடுதலைப் புலிகள், 76. மதப் பிடிப்பு முக்கியமில்லாத ஓர் இயக்கம் முன்னால் நிற்பதைக் காட்டி, மதத்தைவிட அந்நியப் படையை வெளியேற்றும் நோக்கமே இதற்கு வேர் என்று வாதிட்டார் பேப். அன்றைய அமெரிக்காவில் அது துணிச்சலான வாதம். ஆனால் நான்கு அரசியல் அறிஞர்கள் 2008-ல் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். தற்கொலைத் தாக்குதல் நடந்த இடங்களை மட்டும் சேர்த்தால், அந்நியப் படை இருந்தும் அது நடக்காத இடங்கள் கணக்கில் வரவே வராது. அவை இல்லாமல் 'இதனால் இது நடக்கிறது' என்று சொல்ல முடியாது. உங்கள் கோப்புக்கும் இது அப்படியே பொருந்தும். அதில் இருப்பது நடந்த தாக்குதல்கள் மட்டும். நடக்காத நாளுக்கும் நடக்காத ஊருக்கும் வரிசை கிடையாது. மாடலுக்குக் கற்றுக்கொடுக்க அவற்றை நீங்கள்தான் உருவாக்கிச் சேர்க்க வேண்டும்.

இனி கணிப்பு. தாக்குதல்களில் ஏறத்தாழப் பாதியில் யாருமே இறப்பதில்லை. சிலவற்றில் ஒருவர், இருவர். மிகச் சிலவற்றில் நூற்றுக்கணக்கில். கணினி அறிவியலாளர் ஆரன் கிளாசெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டியபடி, இது நிலநடுக்கங்களின் அளவைப் போல வால் நீண்ட பரவல். இங்கே சராசரிக்குப் பெரிய அர்த்தம் இல்லை, ஒரே ஒரு நாள் பல ஆண்டுகளின் சராசரியைப் புரட்டிவிடும். நாற்பது ஆண்டுக் காலத்தில் உலகில் எங்காவது செப்டம்பர் 11 அளவிலான ஒரு தாக்குதல் நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று கிளாசெட்டும் ரையன் வுடார்டும் கணக்கிட்டார்கள். 11 முதல் 35 விழுக்காடு வரை என்று வந்தது. இந்த மாதிரிக் கணிப்பு சாத்தியம்: நீண்ட காலம், பரந்த இடம், அகலமான வரம்பு. 'அடுத்த மாதம் இந்த ஊரில்' என்பது வேறு ஜாதி.

தனிநபர்களைக் கண்டுபிடிப்பது இன்னும் மோசம். ஒரு கோடிப் பேரில் நூறு பேர் ஆபத்தானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடல் இரு பக்கமும் 99 விழுக்காடு சரி, அபாரம். அது நூறில் 99 பேரைப் பிடிக்கும். கூடவே குற்றமற்ற ஒரு லட்சம் பேரையும் பிடிக்கும். அந்த ஒரு லட்சம் பேரின் கதவை யார் தட்டுவது, தட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே வட அயர்லாந்தின் சிறைவைப்பில் பார்த்தோம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 2009-ல் போர் முடிந்ததிலிருந்து இலங்கையின் கோடு ஏறத்தாழத் தரையோடு தரையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மாடலிடம் கேட்டிருந்தாலும் கொழும்பை அபாயப் பட்டியலின் அடியில்தான் போட்டிருக்கும். எச்சரிக்கை வேறு வழியில் வந்தது. ஏப்ரல் 4-லேயே இந்திய உளவுத்துறை தகவல் கொடுத்திருந்தது. அதன் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை, 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி உட்பட அப்போதைய பொறுப்பாளர்கள் கடமை தவறினார்கள் என்று தீர்ப்பளித்து இழப்பீடு கட்டச் சொன்னது. அங்கே குறைவாக இருந்தது தரவு அல்ல. அதே தாக்குதலில் இன்னொன்றும் கவனியுங்கள்: இறந்தவர்கள் 359 என்று அறிவித்த அதிகாரிகள், நான்காம் நாள் 253 என்று திருத்தினார்கள். பிறகு மருத்துவமனையில் இறந்தவர்களைச் சேர்த்து அது மீண்டும் கூடியது. முதல் சில நாள் செய்தியை மட்டும் வைத்துப் பதிந்திருந்தால் நூறு பேர் கூடுதலாகப் போயிருப்பார்கள்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு என் யோசனை இது. உலகத்தை விடுங்கள், ஒரே நாட்டை எடுங்கள். இந்தியாவின் மாவோயிஸ்ட் வன்முறை நல்ல தேர்வு, ஏனென்றால் சரிபார்க்க உள்துறை அமைச்சகத்தின் எண்ணும் இருக்கிறது, டெல்லியில் இயங்கும் தெற்காசியப் பயங்கரவாதத் தரவுத் தளத்தின் எண்ணும் இருக்கிறது. பொதுமக்களும் பாதுகாப்புப் படையினருமாக 2010-ல் 1,005 பேர் இறந்ததாக அமைச்சகம் சொல்கிறது, 2023-ல் 138. இந்தக் கணக்கில் கொல்லப்பட்ட மாவோயிஸ்டுகள் கிடையாது, அவர்களுக்குத் தனி எண். மூன்று மூலங்களும் எந்தெந்த ஆண்டில் ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன, ஏன் என்று எழுதினாலே உருப்படியான ஆய்வு. கணிப்பு மாடல் இல்லாமல் கைடு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றால், மாவட்ட அளவில் ஒரு தாக்குதலுக்குப் பிறகு அடுத்தது வரும் இடைவெளியை மாடல் செய்யுங்கள்.

கோப்பைத் திறக்கும்போது சில கண்ணிகள் இருக்கின்றன. பிணைக்கைதிகள் எண்ணிக்கைப் பத்தியில் -99 என்று இருந்தால் தெரியவில்லை என்று பொருள். அப்படியே கூட்டினால் சில நாடுகளுக்கு மைனஸில் பிணைக்கைதிகள் வருவார்கள். நாளோ மாதமோ தெரியாத இடத்தில் 0 போட்டிருப்பார்கள், தேதியாக மாற்றும்போது அந்த வரிசைகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். செய்த குழுவின் பெயர் கிட்டத்தட்டப் பாதி வரிசைகளில் 'தெரியவில்லை'தான். 'அதிகத் தாக்குதல் நடத்திய பத்துக் குழுக்கள்' என்று பட்டை வரைபடம் போடுவதாக இருந்தால் அந்தப் பட்டையையும் மறைக்காமல் போடுங்கள், எல்லாவற்றிலும் அதுதான் நீளமாக இருக்கும்.